வினிவார்ட்டர் முதல் ஃபோல்டி வரை: கைவீக்கச் சிகிச்சையின் சரித்திரத்தில் ஒரு மறுபரிசீலனை

மார்பகப் புற்றுநோய்க்காக அறுவையும் கதிர்ச் சிகிச்சையும் பெற்ற பெண்களுக்கு, அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டோ கதிரினால் சிதைந்தோ போனமையின் விளைவாக, சில மாதங்கள் கழித்தும் சிலபோது பல்லாண்டுகள் கழித்தும் அப்பக்கத்துக் கையில் தோன்றும் வீக்கத்தை, மருந்தின் துணையின்றிக் கரத்தாலும் கட்டாலும் இயக்கத்தாலும் தணிக்கும் முறைக்கு ஒரு ஸ்தாபகரை நியமித்து, அவரிடமிருந்து ஒரே நேர்கோடாக இன்றுவரை சரித்திரம் எழுதிச் செல்வது நிணநீரியல் நூல்களில் வழக்கமாகிவிட்டது. அச்சரித்திரத்தின் சாரம் வருமாறு: வியன்னாவில் ரண வைத்தியர் பில்ரோத்தின் மாணவராயிருந்து, பின்னர் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் ரண சிகிச்சைப் பேராசிரியராய் விளங்கிய அலெக்சாந்தர் ஃபான் வினிவார்ட்டர், 1892-இல் இச்சிகிச்சையின் அங்கங்களை வகுத்துரைத்தார், 1917-இல் அவர் காலமானபின் அது மறக்கப்பட்டது, 1930-களில் டென்மார்க்கு நாட்டவரான எமில் வோடர் கைம்முறை நிணநீர் வடிப்பு என்னும் மென்மையான பிடிப்பு முறையால் அதற்குப் புத்துயிர் அளித்தார், ஜெர்மானிய வைத்தியர் யொஹான்னஸ் அஸ்டோங்க் அதற்கு வைத்திய உலகில் இடம் தேடித் தந்தார், ஹங்கேரியிலிருந்து வந்த மிஹாய் ஃபோல்டி அதனைப் பூரணமாக்கினார்.

இந்த வாசிப்புக்குப் பெருமதிப்பு ஏற்பட்டதற்குக் காரணம் ஃபோல்டியும் அவர் வழிவந்தோரும் எழுதிய பாடநூல்களே. தாம் நிறுவிய ஒரு சிகிச்சைக்குத் தம்மையே மூலபுருஷராகக் காட்டிக்கொள்ள வாய்ப்பிருந்தும், முக்கால் நூற்றாண்டுக்கு முன் எழுதிய ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்து அவர் தலையில் மகுடம் சூட்டிய அப்பண்பு போற்றற்குரியது. எனினும் நன்றியறிதல் வேறு, சரித்திரப் பிரமாணம் வேறு. இந்த நேர்கோடு நிற்பதற்கு மூன்று அனுமானங்கள் தேவைப்படுகின்றன: வினிவார்ட்டர் எழுதியது இந்தக் கைவீக்கத்தைப் பற்றியதே என்பது ஒன்று, அவர் முறை மறதியினால் அழிந்தது என்பது இரண்டு, வோடர் மீட்டது அதே முறையைத்தான் என்பது மூன்று. மூன்றுமே ஐயத்துக்குரியவை என்பதும், கட்டு, கரம், இயக்கம் என்னும் மூன்று இழைகள் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு காரணங்களுக்காகத் தோன்றி, ஃபோல்டியின் காலத்தில்தான் மார்பக நோயாளியின் கையில் வந்து ஒன்றுசேர்ந்தன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் 1892-ஆம் ஆண்டு நூலை எடுத்துக்கொள்வோம். தோலிலும் அதன் கீழுள்ள இணைப்புத் திசுவிலும் தோன்றும் ரண சிகிச்சைக்குரிய வியாதிகளைப் பற்றி, ஜெர்மானிய ரண சிகிச்சைப் பெருவரிசையின் ஒரு பாகமாக வெளிவந்தது அது. அதில் யானைக்கால் போன்ற தடித்த வீக்கங்களுக்கு வினிவார்ட்டர் சொல்லும் வழி, வீங்கிய அங்கத்தை உயர்த்தி வைத்தல், அழுத்திக் கட்டுதல், பிடித்துவிடுதல் என்பது. பிடித்துவிடுவதையும் வீக்கத்தின் நுனியிலிருந்து தொடங்காமல் உடலின் நடுப்பகுதியை ஒட்டிய இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது. முன்னே உள்ள பாதை வெறுமையானால்தான் பின்னே தேங்கிய நீர் நகர இடமிருக்கும் என்ற நியாயம் இதில் அடங்கியிருக்கிறது. இன்றைய இயன்முறை வைத்தியர் ஒவ்வொருவரும் கழுத்திலும் மறுபக்கத்து அக்குளிலும் தொடங்கிப் பின்னரே வீங்கிய கைக்கு வருவதும் அதே நியாயத்தினால்தான். இவ்வளவும் வினிவார்ட்டருக்கு உரிய புகழே. அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவர் கண்முன் இருந்த வியாதி எது?

மார்பகத்தோடு நெஞ்சின் தசைகளையும் அக்குளின் கணுக்களையும் ஒருசேர அகற்றும் முழுமையான அறுவையைப் பற்றிய ஹால்ஸ்டெட்டின் பேரறிக்கை பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையிலிருந்து வெளிவந்தது 1894-இல். அதாவது வினிவார்ட்டரின் நூலுக்கு இரண்டு ஆண்டுகள் பின்னால். அவ்வறிக்கை 1889 ஜூன் முதல் 1894 ஜனவரி வரை செய்யப்பட்ட அறுவைகளைக் கணக்கிடுகிறது. இந்த அறுவையின் தொடக்கத்தை 1882 என்று குறிப்போரும் உளர். எது சரியென்று இங்கே தீர்ப்பளிக்க நான் துணியவில்லை. எந்த ஆண்டைக் கொண்டாலும், இன்று நாம் பேசும் கைவீக்கத்தைப் பெருவாரியாக உண்டாக்கிய அந்த அறுவை, வினிவார்ட்டர் நூலெழுதிய காலத்தில் ஐரோப்பாவில் பரவியிருக்கவில்லை. இதற்கு ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். ஹால்ஸ்டெட்டுக்கு முன்பே லண்டனில் சார்ல்ஸ் மூர் 1867-இல் அகன்ற அறுவையை வற்புறுத்தினார். ஜெர்மனியில் ஃபோல்க்மானும் கியூஸ்டரும் 1870-களிலேயே அக்குளைத் துடைத்தெடுக்கத் தொடங்கிவிட்டனர். ஆகவே வீங்கிய கைகள் அக்காலத்திலும் இருந்திருக்க வேண்டும் என்பது அம்மறுப்பு. வெறும் ஆண்டுக் கணக்கை வைத்து இதற்கு விடையிறுக்க முடியாது. விடை வேறொரு சாசனத்தில் இருக்கிறது.

1894-ஆம் ஆண்டு அறிக்கையில், ஐரோப்பிய ரண வைத்தியர்களின் பலாபலன்களைத் தம்முடையவற்றோடு ஒப்பிட்டு ஹால்ஸ்டெட் ஒரு பட்டியல் தருகிறார். அதில் பில்ரோத் என்ற பெயருக்கு நேரே, 1867 முதல் 1876 வரை, 170 நோயாளிகள், அறுத்த இடத்திலேயே வியாதி மீண்டும் தோன்றியது நூற்றுக்கு 82 என்று ஒரு வரி காணப்படுகிறது. ஃபோல்க்மானுக்கு 131 பேரில் நூற்றுக்கு 60. செர்னிக்கு 102 பேரில் நூற்றுக்கு 62. கியூஸ்டருக்கு 228 பேரில் நூற்றுக்கு 59.6. பட்டியலின் முடிவில் ஹால்ஸ்டெட்டின் சொந்த வரி: 50 பேர், நூற்றுக்கு 6. அக்காலத்தில் ரண வைத்திய உலகை அசைத்துவிட்ட பட்டியல் இது. மார்பக அறுவையின் சரித்திரம் எழுதுவோர் தவறாமல் எடுத்தாளுவது. ஆனால் பில்ரோத்தின் பெயரில் நிற்கும் அந்த 170 என்ற எண்ணைத் திரட்டியவர் பில்ரோத் அல்லர். அவருடைய உதவியாளராயிருந்த வினிவார்ட்டர். புற்றுநோய்களைப் பற்றிய புள்ளிவிவரங்களை, அறுவையினால் நிலையான குணம் கிட்டுமா என்ற வினாவை முன்னிறுத்தி, அவர் 1878-இல் ஷ்டுட்கார்ட்டில் தனிநூலாக வெளியிட்டார். அதே ஆண்டில்தான் லியேஜுக்குப் பேராசிரியராகச் சென்றார்.

ஆக, கைவீக்கத்தை விளைவித்த அறுவையின் சரித்திரமும், அதைத் தணித்த சிகிச்சையின் சரித்திரமும் ஒரே மனிதரிடத்தில் வந்து சந்திக்கின்றன. முதற் சரித்திரத்தில் அவர் தோல்வியுற்ற பழைய முறையின் சாட்சியாகப் பெயரின்றி நிற்கிறார். இரண்டாவதில் மூலபுருஷராக நிற்கிறார். இவ்விரண்டு வினிவார்ட்டர்களையும் ஒருவராகப் பார்த்தால், ஃபோல்டி மரபினரின் வாசிப்புக்கு அது துணையாகும் என்றே முதற்பார்வையில் தோன்றும்: நூற்றெழுபது மார்பக நோயாளிகளின் கதியைத் தொடர்ந்து சென்று விசாரித்தவர், அவர்களது கைகளையும் பார்த்திருப்பார் அல்லவா? பார்த்திருக்கலாம். ஆனால் அந்த 82 என்ற எண்ணைச் சற்று நிதானித்துப் படித்தல் வேண்டும். அறுத்த இடத்திலேயே ஐவரில் நால்வருக்கு வியாதி திரும்பிய ஒரு தலைமுறையில், ஒரு பெண்ணின் கை வீங்கினால், அக்குளில் புற்று மறுபடியும் வேரூன்றிவிட்டது என்பதே அதற்குப் பொருளாக இருந்தது. பெரும்பாலும் அப்பொருள் சரியாகவும் இருந்தது. வியாதி நீங்கியும் கை மட்டும் வீங்கி நிற்பது என்ற தனி நிலை உருவாவதற்கு, அறுவைக்குப் பின் ஐந்தும் பத்தும் இருபதும் ஆண்டுகள் நோயின்றி வாழ்ந்த பெண்கள் வேண்டும். அத்தகையோர் கூட்டமாகத் தோன்றியது ஹால்ஸ்டெட்டுக்குப் பின்பே. நியூயார்க்கில் பெட்ரெக்கும் அவர் குழுவினரும் சிகிச்சைக்குப் பின் இருபது ஆண்டுகள் வாழ்ந்த 263 பெண்களை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறையப் பாதிப்பேர் கைவீக்க உணர்வைத் தெரிவித்தனர். இருபதாண்டு என்னும் அந்த அவகாசமே வினிவார்ட்டரின் நோயாளிகளுக்குக் கிட்டாத செல்வம். ஒரு வியாதிக்குரியோர் உலகில் திரளாகத் தோன்றுவதற்கு முன் அவ்வியாதிக்கு ஒருவர் சிகிச்சை வகுத்தார் என்பது பொருந்தாது. இவ்வாதம் எண்களிலிருந்து பெறும் அனுமானமேயன்றி நேர்ச்சான்று அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் எதிர்த்தரப்பு அனுமானத்தைவிட இது வலியது என்பதே என் துணிபு.

இரண்டாவது அனுமானம் மறதியைப் பற்றியது. வினிவார்ட்டரின் முறை மறக்கப்பட்டது என்பதைவிட, அவர் விடையளித்த கேள்வி வேறு திசையில் திருப்பப்பட்டது என்பதே பொருத்தம். கைவீக்கம் பெருகத் தொடங்கிய காலத்தில் அதற்கு முதல் விளக்கம் சொல்லும் உரிமை, அதை உண்டாக்கிய ரண வைத்தியர்களிடமே இருந்தது. அவர்கள் விடையைத் தம் கத்தியிலேயே தேடினர். லண்டனில் சாம்ப்ஸன் ஹேண்ட்லி 1908-இல் பட்டுநூல்களைத் தோலின் கீழே கையின் நெடுகச் செலுத்தி, அவற்றின் வழியே நிணநீர் கசிந்து வடியும் என்று நம்பினார். ஏதென்ஸ் நகரத்துக் கோண்டோலியோன் 1912-இல் தசையை மூடிய உறையைக் கீறி அகற்றி ஆழ்ந்த பகுதிக்கு வழி திறக்க முயன்றார். இறுதியில் ஹால்ஸ்டெட்டே, மறைவதற்கு ஓராண்டுக்கு முன், 1921-இல் இவ்வீக்கத்தை ரண சிகிச்சையால் விளைந்த யானைக்கால் என்று பெயரிட்டு எழுதிய கட்டுரையில், அதன் காரணம் தொற்றே என்று தீர்ப்பளித்தார். கணுக்களை அகற்றியது மட்டும் காரணமாயின் அறுக்கப்பட்ட எல்லோருக்கும் வீங்க வேண்டுமே, வீங்காதோர் பலர் இருக்கின்றனரே என்ற வினா அவர் தீர்ப்பின் பின்னே நிற்கிறது. அவருடைய பரம்பரையில் வந்த ரைக்கர்ட் நாய்களிடம் செய்த சோதனைகளும் அவர் பக்கமே சாய்ந்தன. அறுபட்ட நிணநாளங்கள் வடுவைத் தாண்டி மீண்டும் வளர்கின்றன என்று அவர் 1926-இல் எழுதினார்.

தொற்றே காரணமாயின் சிகிச்சையும் தடுப்பும் அறுவை மேசையில்தான்: புண்ணை இழுவிசையின்றி மூடுவது, தோல் ஒட்டுவது, அடியில் நீர் தேங்கும் வெற்றிடம் விடாதிருப்பது. கட்டுவதற்கும் பிடித்துவிடுவதற்கும் அங்கே இடமில்லை. ஹால்ஸ்டெட்டின் இச்சித்தாந்தத்தை முழுப்பிழை என்று தள்ளிவிடுவோரோடும் நான் உடன்படவில்லை. பாஸ்டனில் ஃபெர்குஸனும் அவர் குழுவினரும் 632 பெண்களின் கைகளைத் தொடர்ந்து அளந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அப்பக்கத்துக் கையில் ரத்தம் எடுப்பது, ஊசி போடுவது, ரத்த அழுத்தம் பார்ப்பது, விமானப் பயணம் ஆகியவற்றுக்கும் வீக்கத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. ஆனால் தோலடித் தொற்றுக்கும் வீக்கத்துக்கும் தொடர்பு தென்பட்டது. அக்குளைத் துடைத்தெடுத்தல், கணுப் பகுதிக்குக் கதிர், உடற்பருமன் ஆகியவை ஏனைய காரணங்கள். நூறாண்டுக்கு முந்திய கூற்றில் பாதி மெய் இருந்தது. மீதிப் பாதியைப் பார்க்கவிடாமல் மறைத்ததே அதன் குற்றம். மறைத்ததன் விலை சிறிதன்று. ஆண்டுக்கணக்கில் வீங்கிக் கிடந்த ஆறு பெண்களின் கைகளில் கொடிய சதைப்புற்று எழுந்ததை ஸ்டூவர்ட்டும் ட்ரீவ்ஸும் 1948-இல் அறிவித்தபோது, கைவீக்கம் தோற்றக்கேடு மட்டுமன்று, உயிருக்கே உலைவைக்கக்கூடியது என்பது உலகுக்குத் தெரிந்தது.

வோடருக்கு வருவோம். அவர் வைத்தியர் அல்லர்; அவர் பெற்ற டாக்டர் பட்டம் வைத்தியத்துக்கு உரியதன்று. மனைவி எஸ்ட்ரிட்டோடு பிரான்சின் தென்கரையிலுள்ள கான் நகரில் உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்துவந்தார். ஈரமிக்க இங்கிலாந்திலிருந்து அங்கு வந்து தங்கிய வாடிக்கையாளர்கள் பலர், தீராத சளியாலும் கழுத்தில் வீங்கிய கணுக்களாலும் அவதியுற்றனர். அக்கணுக்களைத் தொடலாகாது என்ற அக்கால விதியை மீறி, மிக மெல்லிய வட்டப் பிடிப்புகளால் அவற்றைத் தளர்த்தியதே அவருடைய கண்டுபிடிப்பின் பிறப்பு. இதன் தொடக்கத்தை 1932 என்பர். பாரிஸில் ஆரோக்கியமும் அழகும் பற்றிய கண்காட்சியொன்றில் அவர் இதை வெளிப்படுத்திய ஆண்டு 1936. இடைப்பட்ட நான்காண்டுகளில் முறை எப்படி முதிர்ந்தது என்பதற்குப் பெரும்பாலும் அவர் தரப்பினரின் கூற்றையே நம்ப வேண்டியிருக்கிறது; ஆதலின் தோற்ற ஆண்டை நான் இரண்டுக்கும் நடுவே விட்டுவிடுகிறேன். ஆண்டு எதுவாயினும், சளிக்கும் முகப்பொலிவுக்கும் பிறந்த முறை அது. பல ஆண்டுகள் வரையில் அழகுக்கலை வல்லுநர்களின் கையிலேயே வளர்ந்தது. அதில் கட்டு இல்லை. வினிவார்ட்டரின் முறையில் கட்டு இன்றியமையாத அங்கம். அந்த அங்கத்தைக் கழித்துவிட்ட ஒன்றை வினிவார்ட்டரின் முறைக்குக் கிடைத்த புத்துயிர் என்று எவ்வாறு கூறுவது? அஸ்டோங்க் 1960-களில் வோடரிடம் கற்று அதை நோயாளிகளிடம் பிரயோகித்துப் பார்த்ததும், 1970-களில் ஜெர்மானிய அரசுக் காப்பீட்டில் அது இடம்பெற்றதும் பெருந்தொண்டுகளே. ஆனால் அவை கரம் என்னும் ஒரே இழையின் சரித்திரம்.

ஃபோல்டி இந்த இழையைக் கையிலெடுத்தபோது, அவர் வந்த வழி வேறு. ஹங்கேரியின் ஸெகெட் நகரில் பேராசிரியராயிருந்து, ருஸ்னியாக், ஸாபோ என்பாரோடு நிணநீரின் ஓட்டத்தைப் பற்றிப் பெருநூலொன்றைப் படைத்த உடலியல் ஞானி அவர். நாளங்கள் எவ்வளவு நீரைச் சுமக்கவல்லன, எந்த எல்லையில் தோற்றுப்போகின்றன என்ற கேள்வியிலிருந்து சிகிச்சைக்கு வந்தவர். 1969-இல் தாயகம் நீங்கி மேற்கு ஜெர்மனிக்கு வந்து, மனைவி எதெல் ஃபோல்டியோடு சேர்ந்து, 1970-களின் இறுதியிலிருந்து ஷ்வார்ட்ஸ்வால்ட் மலைப்பகுதியில் நடத்திய சிகிச்சைதான், தோல் பராமரிப்பு, கைம்முறை வடிப்பு, அழுத்தக் கட்டு, கட்டோடு செய்யும் பயிற்சி என்ற நான்கும் பிரியாமல், வீக்கத்தைக் குறைக்கும் முதற்கட்டம், குறைந்ததைக் காக்கும் இரண்டாம் கட்டம் என்று வகுக்கப்பட்ட முழுமையான முறை.

இதில் கட்டின் தன்மையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கண்ட துணியையும் ரப்பர்ப் பட்டையையும் இறுக்கிக் கட்டுவது இம்முறையன்று. முதலில் விரல்களைத் தனித்தனியே மெல்லிய துணியால் சுற்றி, பின் கையெங்கும் பஞ்சோ நுரைத்துணியோ வைத்து மேடுபள்ளங்களைச் சமன்செய்து, அதன்மேல் சிறிதளவே நீளும் பருத்திப் பட்டைகளை மணிக்கட்டில் அதிக அடுக்காகவும் மேலே செல்லச்செல்லக் குறைந்த அடுக்காகவும் சுற்றுவர். நன்றாக நீளும் பட்டை கை ஓய்ந்திருக்கும்போதும் இறுக்கிக்கொண்டே இருக்கும். தசை விம்மும்போது தானும் விரிந்து இடங்கொடுத்துவிடும். சிறிதே நீளும் பட்டையோ ஓய்வில் குறைவாகவே அழுத்தும். நோயாளி கையை மடக்கி நீட்டும்போது தசை விம்மி அசையாத அச்சுவரில் மோதுவதால், இடையிலுள்ள நாளங்கள் பிழியப்பட்டு, அவற்றின் வால்வுகள் ஒருவழியே திறக்க, நீர் தோளை நோக்கி ஏறுகிறது. ஆகவே கட்டும் இயக்கமும் ஒன்றின்றி ஒன்று பயனில்லை. நுண்குழாய்களிலிருந்து கசியும் நீரில் பெரும்பங்கு சிரை முனையிலேயே திரும்ப உறிஞ்சப்படுகிறது என்று உடலியலாளர் ஸ்டார்லிங் காலந்தொட்டு நம்பப்பட்டது. பெரும்பாலான திசுக்களில் அவ்வுறிஞ்சல் நிலைபெறுவதில்லை, கசிந்ததனைத்தும் நிணநாள வழியேதான் திரும்பவேண்டும் என்று லெவிக்கும் மிக்கேலும் 2010-இல் எடுத்துக்காட்டினர். அப்படியாயின், நாளங்களின் பாரத்தை மிகுக்கும் அக்கசிவையே வெளியழுத்தத்தால் குறைக்கும் கட்டின் மதிப்பு இன்னும் உயர்கிறது.

கட்டே பெருஞ்சுமையைத் தாங்குகிறது என்பதற்கு இனி ஆதாரம் காட்டவேண்டும். பிரிட்டனில் பேட்ஜரும் அவர் குழுவினரும் 2000-இல் வெளியிட்ட சோதனையில், கையோ காலோ வீங்கியவர்களுள் பதினெட்டு நாள் பல அடுக்குக் கட்டுக்குப் பின் அழுத்த உறை அணிந்தோர்க்கு 24-ஆம் வாரத்தில் வீக்கம் நூற்றுக்கு 31 குறைந்தது. உறை மட்டும் அணிந்தோர்க்கு 15.8. கனடாவில் மெக்னீலி குழுவினர் 2004-இல், கட்டோடு கைம்முறை வடிப்பும் பெற்றவர்களையும் கட்டு மட்டும் பெற்றவர்களையும் ஒப்பிட்டபோது, இருசாராருக்கும் வீக்கம் குறைந்தது. மொத்தத்தில் வேறுபாடு இல்லை. வீக்கம் இலேசாக இருந்தோர்க்கு மட்டும் வடிப்பினால் கூடுதல் பயன் தென்பட்டது. அந்நாட்டிலேயே டேய்ஸ் குழுவினர் 103 பெண்களிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட சோதனையில், வடிப்பும் கட்டும் சேர்ந்த சிகிச்சைக்கு ஆறு வாரத்தில் நூற்றுக்கு 29, அழுத்த உறைக்கு மட்டும் 22.6, இவ்வேறுபாடு தற்செயலை விலக்கும் அளவுக்கு இல்லை.

இங்கே நம் வாதத்துக்கு எதிராக நிற்கும் ஒரு சோதனையை மறைக்காமல் சொல்லவேண்டும். மாட்ரிட் அருகிலுள்ள அல்காலா பல்கலைக்கழகத்தில் டோரஸ் லகோம்பா குழுவினர் அக்குள் அறுவை முடிந்த 120 பெண்களைக் கொண்டு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவையானவுடனே கைம்முறை வடிப்பும் வடுப் பிடிப்பும் தோள் பயிற்சியும் பெற்றவர்களுள் ஓராண்டில் நூற்றுக்கு 7 பேருக்கே கை வீங்கியது. அறிவுரை மட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்கு 25 பேருக்கு வீங்கியது. கரத்தின் வெற்றியாக இதைக் கொண்டாடினோர் பலர். அடுத்த ஆண்டே பெல்ஜியத்தின் லூவென் நகரிலிருந்து டெவூக்ட் குழுவினர் 160 பேரிடம் கண்டது வேறு: வடிப்புப் பெற்றவர்களுள் நூற்றுக்கு 24, பெறாதவர்களுள் நூற்றுக்கு 19, வடிப்பினால் தடுப்பு ஏதும் புலப்படவில்லை. இவ்விரண்டும் முரண்படுவதாகச் சொல்லி விட்டுவிடுவதே வழக்கம். என் பார்வையில் இவை முரண்படவில்லை. லூவெனில் இரு சாராருக்கும் பயிற்சி உண்டு, வேறுபட்டது வடிப்பு ஒன்றே; அல்காலாவில் ஒரு சாராருக்குப் பயிற்சியும் வடிப்பும் உண்டு, மறு சாராருக்கு இரண்டும் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கழித்துப் பார்த்தால், அல்காலாவில் காத்தது பயிற்சியே என்ற முடிவுக்கே வரத் தோன்றுகிறது. இரு நகரங்களின் நோயாளிகளும் அளவை முறைகளும் ஒன்றல்ல ஆதலின் இக்கழித்தல் கணக்கு முற்றிலும் பிழையற்றதன்று. ஆயினும் வடிப்புக்கு வெற்றிமாலை சூட்டுவதற்கு அல்காலாவை மட்டும் எடுத்துக்காட்டுவது நீதியன்று.

மூன்றாவது இழையாகிய இயக்கம் இச்சிகிச்சையில் மிகத் தாமதமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஃபோல்டியின் நான்கு அங்கங்களுள் அது இருந்ததாயினும், உலகெங்கும் பெண்களுக்குச் சொல்லப்பட்டது அந்தக் கையால் பாரம் தூக்காதே, வேகமாக உழைக்காதே என்பதே. குழந்தையைத் தூக்கவும் குடம் எடுக்கவும் அஞ்சியபடி ஒரு தலைமுறை வாழ்ந்தது. அந்த அச்சத்தை உடைத்தவர்கள் நூலாசிரியர்கள் அல்லர். வான்கூவர் நகரத்தில் டான் மெக்கென்ஸி என்ற விளையாட்டு மருத்துவர் 1996-இல் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைச் சேர்த்து, கையை ஓயாது உழைக்கவைக்கும் நாகப்படகுப் போட்டிக்குத் தயார்செய்தார். எதிர்பார்க்கப்பட்ட விபரீதம் நிகழவில்லை. பின்னர் ஷ்மிட்ஸ் குழுவினர் ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களுள் ஒரு சாராரைப் படிப்படியாகப் பாரம் தூக்கவைத்து 2009-இல் வெளியிட்ட முடிவு தெளிவானது: வீக்கம் நூற்றுக்கு 5 அல்லது அதற்கு மேல் கூடியோர் பாரம் தூக்கியவர்களுள் நூற்றுக்கு 11, தூக்காதவர்களுள் நூற்றுக்கு 12, நோய் திடீரென மூண்டெழுந்தோர் தூக்கியவர்களுள் 14 பேர், தூக்காதவர்களுள் 29 பேர். இந்த இழைக்கும் வினிவார்ட்டருக்கும் வோடருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

கட்டைத் தவிர்க்க எடுக்கப்பட்ட குறுக்கு வழிகளின் கதியும் இங்கு நினைவுகூரத்தக்கது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வாழ்ந்த காஸ்லி-ஸ்மித் தம்பதியர், திசுவில் தேங்கிய புரதத்தைக் கரைக்கும் என்று கூமரின் மாத்திரையில் பெருநம்பிக்கை வைத்தனர். நம் தஞ்சையில் யானைக்கால் நோயாளிகளுக்கும் அவர்களது ஒத்துழைப்போடு அது கொடுத்துப் பார்க்கப்பட்டு 1989-இல் முடிவுகள் வெளியாயின. லோப்ரின்ஸி குழுவினர் கை வீங்கிய 140 பெண்களிடம் சோதித்து 1999-இல் அதனால் பயனில்லை என்றும், சிலருக்கு ஈரல் கெடுகிறது என்றும் நிறுவியதோடு அக்கதை முடிந்தது. சுவீடனின் மால்மோவில் ப்ரோர்ஸன், நாட்பட்ட கையில் நிற்பது நீரன்று, கொழுப்பே என்று காட்டி அதை உறிஞ்சி எடுத்தார். கை அளவுக்கு வந்தது. ஆனால் அழுத்த உறையை வாழ்நாள் முழுவதும் அணிந்தாலன்றி அது நிலைக்கவில்லை. கத்தி வென்ற இடத்திலும் காவலுக்கு நின்றது அழுத்தமே.

கரத்தை இழிவுபடுத்துவது என் நோக்கமன்று. கட்டு எட்டாத மார்புச் சுவரிலும் முதுகிலும் முகத்திலும் தேங்கும் வீக்கத்துக்குக் கைம்முறை வடிப்பே வழி. இலேசான வீக்கத்தில் அதற்குப் பங்குண்டு என்பதை மெக்னீலியின் ஆய்வே சொல்கிறது. வலியும் கனமும் குறைந்ததாக நோயாளி சொல்லும் வார்த்தை எந்த அளவுநாடாவுக்கும் தாழ்ந்ததன்று. ஆனால் பயிற்சிப் பள்ளிகளில் வடிப்பின் பிடிப்புகளுக்கு வாரக்கணக்கில் இடமும், கட்டுக்கும் நோயாளி தாமே கட்டிக்கொள்ளக் கற்பதற்கும் அதில் ஒரு சிறு பங்கும் கொடுக்கும் வழக்கம், இந்த நேர்கோட்டுச் சரித்திரத்தின் நேரடிச் சந்ததி என்றே நினைக்கிறேன். கரத்துக்கு ஸ்தாபக மகுடம் சூட்டிய சரித்திரம், பாடத்திட்டத்திலும் கரத்தையே அரியணையில் அமர்த்தியது. தினமும் தேர்ந்த வைத்தியரிடம் செல்ல வசதியில்லாத பெண்ணுக்கு, தன் வீட்டிலிருந்தே செய்துகொள்ளக்கூடியது எதுவோ அதுவே முதற்பாடமாக வேண்டும்.

வினிவார்ட்டரின் 1878-ஆம் ஆண்டு நூலில் உள்ள நோயாளி வரலாறுகளையும், லியேஜ் நகரத்து வைத்தியசாலையில் அவர் பணியாற்றிய ஆண்டுகளின் பதிவேடுகளையும், கை என்ற ஒரு வார்த்தையை மட்டும் தேடிக்கொண்டு யாரேனும் முழுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். மார்பக அறுவைக்குப்பின் நோயின்றி வாழ்ந்த ஒரு பெண்ணின் வீங்கிய கையை அவர் கட்டியதற்கு ஒரேயொரு குறிப்புக் கிடைத்தாலும், இக்கட்டுரையின் முதல் வாதம் திருத்தப்பட வேண்டியதாகும். அத்தகைய குறிப்பு வரும்வரை, அவரைத் தடித்த வீக்கங்களின் சிகிச்சைக்கு ஆசிரியராகக் கொள்வோம். வோடரைக் கைப்பிடிப்பின் ஆசிரியராகக் கொள்வோம். தனித்தனியே அலைந்த இழைகளை ஒரு பெண்ணின் கையில் ஒன்றாக முறுக்கி, மார்பகப் புற்றுநோய்க்குப் பின் வரும் கைவீக்கத்துக்குச் சிகிச்சை என்று ஒன்றை உண்டாக்கிய பெருமையை, அதை அடக்கத்தால் பிறருக்கு ஈந்துவிட்ட மிஹாய் ஃபோல்டிக்கும் எதெல் ஃபோல்டிக்குமே திருப்பித் தருவதுதான் முறை.